வாழ்த்து எழுதிய சுவர்

நான்கு சுவருக்குள்ளே நின்று சுவரில் பந்தடிக்கிற ஸ்குவாஷ் ஆட்டம்தான் அந்தப் பெண்ணுக்குப் பிழைப்பு. சென்னையில் பயிற்சி, வெளிநாட்டில் போட்டி. லீவுக்கு எங்கள் ஊர் அருமனைக்கு வந்தால் எங்கள் வாசகசாலையின் பின்சுவர்தான் கதி. ஒல்லியான பெண், வலது கை மட்டும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களின் கைபோல் முறுகியிருக்கும். அந்தக் கைக்குள் எந்நேரமும் ஒரு சின்னக் கறுப்புப் பந்தைப் பிசைந்துகொண்டே இருப்பாள். சூடாக இருந்தால்தான் அது துள்ளுமாம்.

ஒருமுறை கோப்பையோடு வந்தாள். ஊர் சும்மா விடுமா? வாசகசாலைத் தலைவர் அதே சுவருக்கு வெள்ளையடித்து, அவள் படம் வரைந்து, ‘மண்ணின் மகளே வாழ்க’ என்று எழுதவைத்துவிட்டார். படத்தில் அவள் கையில் இறகுப்பந்து மட்டை. கீழே, அவள் பெயரைவிடப் பெரிதாகத் தலைவர் பெயர்.

பத்து நாளில் அவளுக்கு அடுத்த போட்டி. படம் வரைந்த மறுநாள் காலையில் மட்டையோடு வந்தவளைத் தலைவர் ஓடிவந்து மறித்தார்.

“ஏட்டி, இதிலயா அடிக்கப் போற? உன் மூஞ்சியில கரி பிடிக்குமே மக்கா!”

“என் மூஞ்சிதானே மாமா, நான் அடிச்சா என்ன?”

“மூஞ்சி போட்டும். கீழ எம் பேரு கெடக்குல்லா?”

அவர் போனபின் நான் கேட்டேன். “இனி எங்க மக்கா அடிப்ப?”

“வேற சுவரு கெடைக்கிய வரைக்கும் இது ஆறாமப் பாத்துக்கிடுதேன் மாமா” என்று சிரித்தபடி பந்தை என் கையில் வைத்தாள்.

நல்ல சூடு. அது பந்தின் சூடா, எங்கள் மேல் அவளுக்கிருந்த கோபமா என்பது எனக்கு இன்றும் பிடிபடவில்லை.