எந்த ரூலு மொதல்ல?

செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறியபோது, சற்று நேரத்தில் எனக்குக் கால்குலஸ் பரீட்சை. x ஸ்கொயரை சைன் 3x-ஆல் பெருக்கிய கணக்கை எந்த விதியால் வகையிடுவதென்று விழித்துக்கொண்டிருந்தேன். எதிரே இரட்டைப் பின்னலும் சோடாபுட்டிக் கண்ணாடியுமாக என் வயதுப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

“கடைசியா இன்னா பண்ணிகீறாங்க? பெருக்கிகீறாங்க. அப்போ ப்ராடக்ட் ரூலு மொதல்ல. சைனுக்குள்ள 3x குந்திகினு கீதுல்ல, அங்க மட்டும் செயின் ரூலு.”

ஒவ்வொரு வரியும் சரியாக வரவர, அவள் தன் தொடையில் தாளம் தட்டினாள். விடை வந்ததும் இருவரும் கூவிய கூவலில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

“ஐயோ, என் ஸ்டேஷன் போயிடுச்சுபா! எனக்கும் இன்னிக்கி இதே பரீட்சை!”

அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர்ப்பக்க ரயிலைப் பிடிக்கச் சிரித்துக்கொண்டே ஓடினாள். நான் தேறிவிட்டேன். அவள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாளா, அந்த நிலையிலும் எப்படிச் சிரித்தாள் என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.