வெள்ளை டைல்ஸுக்கு அடியில்

எங்கள் வீடு காக்ஸ் டவுனில், மாதா கோவிலுக்குப் பின்தெருவில் இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்து ஓட்டு வீடு. முகப்பிலும் ஜன்னல்களுக்கு மேலும் கூர்கூராக வெட்டிய மரச்சட்டங்கள் இருக்கும். இந்த ஊரில் அதை மங்கி டாப் என்பார்கள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு நான் மட்டும் அதில் இருக்கிறேன். ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை. குடுவைகளைக் கழுவி அடுக்குவதற்கு யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை. அதனாலேயே அந்த வேலை எனக்கு ஒத்துவந்துவிட்டது.

வீட்டில் அக்காவுக்கும் பாதி உண்டு. அவள் கணவர் இறந்தபின் லிங்கராஜபுரத்தில் வாடகைக்கு இருந்தாள். மூன்று வருஷத்தில் இரண்டு வீடு மாறிவிட்டாள். பில்டர் ஒருவர் எங்கள் மனையில் அடுக்குமாடி கட்டி ஆளுக்கொரு ஃப்ளாட் தருவதாகச் சொன்னபோது அவள் சரி என்றாள். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டை இடிக்க மனமும் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் இடிக்காமல் காக்க வேண்டிய பழைய வீடுகளைப் பார்த்துப் பட்டியல் எடுக்கும் குழு ஒன்று எங்கள் தெருக்களுக்கு வந்தது. நம் வீட்டையும் பார்க்கட்டும் என்று அக்காவிடம் கேட்டேன். பட்டியலில் இடம் கிடைத்தால் பில்டரைத் திருப்பி அனுப்பிவிடலாம், கிடைக்காவிட்டால் மறுபேச்சில்லாமல் நீ கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். ஒப்புக்கொண்டேன்.

அடுத்து நான் செய்ததை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஈஸ்டருக்குப் பிறகு மாதா கோவில் சாமியார் வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வருவார். அதற்குள் சுவருக்கு வெள்ளையடித்து, கதவுக்குப் பெயின்ட் பூசி, உடைந்ததையெல்லாம் மாற்றிவிட வேண்டும். பெரிய மனிதர் கால் வைக்கும் வீடு புதிதாகத் தெரிய வேண்டும் என்பது அப்பாவின் கண்டிப்பு. அதே நினைப்பில் லீவு போட்டு ஆள் பிடித்தேன். வராந்தாவிலும் ஹாலிலும் பூப்போட்ட பழைய சிமென்ட் கற்கள் இருந்தன. நிறம் மங்கி, சில இடங்களில் கீறல் விட்டிருந்தன. அவற்றின் மேலேயே வெள்ளை டைல்ஸ் ஒட்டச் சொன்னேன். தேக்குக் கதவுக்குக் காப்பிக்கலர் எனாமல். வேலை முடிந்த அன்று தரை முகம் தெரிகிற மாதிரி பளபளத்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

குழுவிலிருந்து பார்க்க வந்தவர் ஒரு இளம்பெண். அன்று அக்காவும் வந்திருந்தாள். கன்னடக்காரர், நாங்களும் கன்னடத்திலேயே பேசினோம். வெளியே மங்கி டாப்பைப் பார்த்து முகம் மலர்ந்து ஏழெட்டுப் படம் எடுத்தார். உள்ளே கால் வைத்ததும் நின்றுவிட்டார். இது எப்போது போட்டது என்று கேட்டார். போன வாரம், நீங்கள் வருகிறீர்கள் என்பதற்காகத்தான் என்றேன். அவர் கையிலிருந்த தாளில் எதுவும் எழுதாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பழைய தரையும் மரமும் அப்படியே இருந்தால்தான் இந்த மாதிரி வீடுகளுக்கு மதிப்பு என்று மெதுவாகச் சொன்னார்.

அக்கா சிரித்துவிட்டாள்.

“பில்டர் வந்து இடிப்பான்னு இருந்தேன். நீ அவனுக்கு வேலையே வெக்கலியேடா.”

உளியும் சுத்தியலும் எடுத்துவந்து மூலையில் ஒரு டைலைப் பெயர்க்க ஆரம்பித்தேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நின்று பதில் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது. டைல் துண்டு துண்டாக வந்தது. அடியில் சிமென்ட் பூச்சு. அதையும் சுரண்டி எடுத்தபின் அந்தப் பெண் குனிந்து ஈரத்துணியால் துடைக்க, கருஞ்சிவப்பில் ஒரு பூ தெரிந்தது. ஒரு இதழ் மட்டும் என் உளி பட்டுப் போயிருந்தது. பொறுமையாக எடுத்தால் முக்கால்வாசி பிழைக்கும், மூன்று மாதம் கழித்து வந்து பார்க்கிறேன், அதுவரை எதுவும் எழுதப்போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா கிளம்பாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வாடகை வீட்டின் சொந்தக்காரர் அடுத்த மாதம் காலி செய்யச் சொல்லிவிட்டதாக அப்போதுதான் சொன்னாள். பட்டியல், மதிப்பு என்று நான் பேசிய இத்தனை நாளில், அவள் எங்கே போவாள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. உடைந்த டைலைப் பொறுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னேன்.

“அம்மா ரூமு சும்மாதானேக்கா இருக்கு. நீ இங்கியே வந்துடு.”

“இத சொல்ல உனக்கு இத்தன வருஷமா?”

“நீ வரமாட்டேன்னு நெனச்சேன்.”

“கேட்டாதானே வரதுக்கு.”

அவள் எழுந்துபோய் அம்மா அறையைத் திறந்து கூரையை அண்ணாந்து பார்த்தாள். இரண்டு இடத்தில் மழைத்தண்ணீர் இறங்கிய கறை. கட்டில் அந்தக் கறைக்கு நேர் கீழே கிடந்தது.

“மழைக்கு முன்னாடி இந்த ஒழுகல பாரு. அதுக்குன்னு புதுசா ஷீட்டு கீட்டு போட்டுடாத. பழைய ஓடாவே தேடிப் போடு.”

சிவாஜிநகர்ப் பக்கம், இடித்த வீடுகளின் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவருமாகப் போய்ப் பார்ப்பதென்று முடிவாயிற்று.