மீன் சந்தை ஐஸில் ஓடிய எஞ்சின்

என் மனைவி அனந்தலக்ஷ்மி கல்கத்தாவுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகியும் மீன் சந்தைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. டாக்குரியாவில் எங்கள் வீட்டிலிருந்து சந்தை வழியாகப் போனால் ஐந்து நிமிஷத்தில் பஸ் ஸ்டாப். அவள் ஊரைச் சுற்றிக் கால் மணி நேரம் நடப்பாள். என் பையில் யாருடைய மீன்கூடையாவது உரசிவிட்டால் பை குழாயடிக்குப் போகும், பின்னாலேயே நானும் போக வேண்டும்.

ஜாதவ்பூரில் ஓர் எஞ்சின் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. ஓடும் எஞ்சினின் வெப்பமானிகளைப் பார்த்து எழுதும் தற்காலிக வேலை. 1979 மே மாதம் அங்கே ஒரு பெட்ரோல் எஞ்சினுக்கு டர்போ பூட்டியிருந்தார்கள். வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும் கருவி அது. காலையில் சமர்த்தாக ஓடும் எஞ்சின், மத்தியான வெயிலில் முழு அழுத்தம் கொடுத்ததும் சுத்தியலால் அடிப்பதுபோல் தட்ட ஆரம்பிக்கும். அப்படியே விட்டால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். பொறுப்பாளர் நிகில் பாபு என்னென்னவோ மாற்றிப் பார்த்து அலுத்துவிட்டார். சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் டர்போவைக் கழற்றிவிடுவது என்று முடிவு. அத்தோடு இவள் வேலையும் போய்விடும்.

இவளா விடுவாள்? தன் குறிப்பேட்டைப் புரட்டினாள். டர்போவிலிருந்து வரும் காற்று நூறு டிகிரியைத் தாண்டியபோதெல்லாம் தட்டல்.

"அழுத்தினா காத்து கொதிக்கறது. அந்தச் சூட்டுல பெட்ரோல், நெருப்பு வந்து சேர்றதுக்குள்ள தானே வெடிச்சுடறது. காத்தைக் குளிர வெச்சா போறும்" என்றாள் என்னிடம். நான் பாங்க் குமாஸ்தா. தலையாட்டினேன்.

பழைய லாரி ரேடியேட்டர் ஒன்றை ட்ரம்முக்குள் இறக்கி, காற்றை அதன் வழியாக விட்டு, சுற்றிலும் ஐஸ் போட்டாள். ஆனால் அந்த ஐஸில்தான் கோட்டை விட்டாள். வெள்ளிக்கிழமை சர்பத் கடை கடையாக ஏறித் துண்டு துண்டாகப் பொறுக்கி வந்தாள். பத்து நிமிஷத்தில் எல்லாம் தண்ணீர். எஞ்சின் மறுபடியும் தட்டியது. ஐஸ் பாளம் பாளமாகக் கிடைப்பது மீன் சந்தையில்தான் என்று கல்கத்தாவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"நான் போய் வாங்கிண்டு வரேன்" என்றேன், பெரிய மனசு பண்ணி.

"நீங்க வாசல்லயே மூக்கைப் பொத்திண்டு நின்னுட்டுத் திரும்பிடுவேள். நானே போறேன்."

சனிக்கிழமை காலையில் போனாள். "என்ன மீன் வேணும், பௌதி?" என்று மீன்காரர் அண்ணி முறை வைத்துக் கேட்க, ஐஸ் மட்டும் போதும் என்று இவள் சொல்ல, சந்தையே சிரித்ததாம். சாக்கில் சுற்றிய ஐந்து பாளங்களோடு ரிக்‌ஷாவில் ஏறினாள்.

பாங்க் அரைநாள் முடிந்து நான் கூடத்துக்குப் போனபோது மணி இரண்டு. தகரக் கூரை கொதித்தது. எஞ்சின் முழு அழுத்தத்தில் உறுமிக்கொண்டிருந்தது. தட்டல் இல்லை. காற்றின் வெப்பம் நாற்பதிலேயே நின்றது. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, "போதும், நிறுத்தலாம்" என்றார் நிகில் பாபு வங்காளியில்.

"வேண்டாம். ஐஸை எடுத்துப் பார்க்கலாம். இது ஐஸால் இல்லை, இன்றைக்கு எஞ்சினுக்கு நல்ல நேரம் என்று நாளைக்கு யாராவது சொல்வார்கள்" என்று அவளும் வங்காளியிலேயே சொன்னாள்.

ஜெயித்த பிறகு எதற்கு இந்த வீம்பு? அவள் ட்ரம்மின் குழாயைத் திறந்து ஐஸ் கரைந்த தண்ணீரை வடித்தாள். எழுபது, தொண்ணூறு, நூற்றுப் பத்து. டக், டக் என்று தட்டல் வந்தது. உடனே அழுத்தத்தைக் குறைத்து, தண்ணீர் ஊற்றி, மிச்சம் வைத்திருந்த கடைசிப் பாளத்தை வெறுங்கையால் தூக்கிப் போட்டாள். வெப்பம் இறங்கியது. மறுபடி முழு அழுத்தம். தட்டல் இல்லை.

நிகில் பாபு குறிப்பேட்டை வாங்கி, டர்போவைக் கழற்ற வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை சீக்கிரம் வந்துவிடச் சொன்னார்.

வீட்டில் அவளால் காப்பி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. கை அப்படிச் சிவந்திருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சேலை முழுக்க மீன் செதில். குழாயடியில் உட்கார்ந்து, செதிலை நகத்தால் ஒவ்வொன்றாக எடுத்து, நானே துவைத்தேன். மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை.