பெட்டிக்குள் வைத்த பஞ்சு

என் மருமகளுக்கு மலை எலிகளைப் பிடித்து, எடை பார்த்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுகிற வேலை. ஆராய்ச்சி நிலையத்தில் சம்பளம். "விடுறதுக்கு எதுக்குப் பிடிக்கிற?" என்று கேட்டு என் மகன் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத நாளில்லை.

சாயங்காலம் தகரப் பெட்டிகளைப் பாறை இடுக்கில் வைப்பாள். உள்ளே கொஞ்சம் தீனி, ஒரு பிடி பஞ்சு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் எலி குளிரில் விறைத்துச் செத்தது. அதிலிருந்து பஞ்சில்லாமல் பெட்டி வைக்க மாட்டாள்.

இந்த எலிக்குச் சூடு ஆகாது. முன்பு ஓடைக்கரையிலேயே கிடைத்தது. வருஷா வருஷம் வெக்கை கூடக் கூட அதுவும் மேலே மேலே போய், இப்போது உச்சிப் பாறையில்தான் இருக்கிறது. இவள் அங்கே ஏறிப் போவதற்குள் வெயில் வந்துவிடுகிறது.

போன மாதம் ஒரு நாள், துணியில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தாள்.

"விருந்தாளியா? வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டியா?" என்றான் மகன்.

அவள் துணியைப் பிரித்தாள். தாய் எலி, செத்திருந்தது. மடியில் பால் கட்டியிருந்தது. குட்டிகள் எந்த இடுக்கில் கிடந்தனவோ!

"பெட்டி கொதிக்குது அத்தை. ராத்திரி புழுங்குதுன்னு நான் ஜன்னலைத் திறந்து வச்சுட்டுப் படுத்தேன். இதுக்கு மட்டும் பஞ்சு வச்சிருக்கேன் பாருங்க. போர்த்திவிட்டே கொன்னுட்டேன்."

தலை நிமிரவில்லை. புதைத்துவிட்டு, பெட்டி காலியாக இருந்தது என்று நிலையத்தில் சொல்லிவிடப் போகிறாளாம்.

"புதை. ஆனா சொல்லிட்டுப் புதை" என்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"வழி விடுங்க அத்தை. நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு சொல்லுவேன்?"

"இருக்கிற மூஞ்சியோட போ."

போனாள். திரும்பி வந்தபோது முகம் இன்னும் சிறுத்திருந்தது. "மேலதிகாரியம்மா திட்டவே இல்ல. இனி உச்சியில பெட்டி வேண்டாம்னாங்க, அவ்வளவுதான். திட்டியிருந்தா தேவலை."

அன்றே எல்லாப் பெட்டியிலிருந்தும் பஞ்சைப் பிடுங்கி மூலையில் போட்டாள். நல்ல பஞ்சு, வீணாக்குவானேன் என்று தலையணை தைத்து நீட்டினேன்.

"அதுல நான் தலை வைக்க மாட்டேன் அத்தை."

நான் விடுவேனா? நானே வைத்துப் படுக்கிறேன். மெத்தென்றுதான் இருக்கிறது. ஆனால் கன்னம் பட்டதும் சுடுகிறது; திருப்பிப் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன்.