மாமா உயர்த்திய வண்டி

அந்த வருஷ மழையில் திருவொற்றியூரில் எங்கள் தெரு முழுக்கத் தண்ணீர் நின்றது. அக்காவுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. அவள் கணவர், என் மாமா, அவளைத் தன் பழைய எஸ்யூவியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். நானும் பின்சீட்டில் இருந்தேன். மெயின் ரோட்டை எட்டுவதற்குள் தண்ணீர் பானெட்டுக்கு ஏறி, எஞ்சின் நின்றுபோனது. பக்கத்துக் குப்பத்து ஆட்கள் படகு கொண்டுவந்து எங்களைக் கரை சேர்த்தார்கள். ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தது. அழவில்லை. சீக்கிரம் வந்திருந்தாலும் பிழைத்திருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். மாமா அதைக் காதிலேயே வாங்கவில்லை.

அதற்கப்புறம் வண்டியை உயர்த்துவதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பில்லை. விம்கோ நகர் ஒர்க்‌ஷாப் ஒன்றில் முதலில் நீளமான ஸ்பிரிங்குகள் மாட்டினார். வண்டி மொத்தமாகக் கொஞ்சம் எழும்பியது. அக்கா மறுபடியும் உண்டானாள். மாமாவுக்கு அந்த உயரம் போதாமல் போயிற்று. அடிச்சட்டமான சேஸிஸுக்கும் மேலே உட்காரும் பாடிக்கும் நடுவே கனமான பிளாக்குகள் வைத்து, பாடியை இன்னும் மேலே தூக்கச் சொன்னார்.

மெக்கானிக் தயங்கினார். "ஏற்கெனவே ஸ்பிரிங் மேல நிக்குது நைனா. பிளாக்கும் வெச்சா வளைவுல சாயும். ஃபேமிலி போற வண்டி."

"சாயாம ஓட்டிக்கறேன். உள்ள தண்ணி வரக் கூடாது, அவ்ளோதான்" என்றார் மாமா.

அடுத்த செக்கப்புக்கு அந்த வண்டியில்தான் போனோம். அக்காவுக்குப் படி எட்டவில்லை. மாமா வீட்டிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துவந்து போட்டார். நான் கையைப் பிடித்து மேலே இழுக்க, அவள் வயிற்றைப் பொத்திக்கொண்டு ஏறினாள்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி சட்டென்று எங்கள் பக்கம் ஒதுங்கியது. மாமா ஸ்டியரிங்கை ஒடித்தார். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. என் பக்கத்துச் சக்கரங்கள் தரையை விட்டதை உடம்பு முழுக்க உணர்ந்தேன். பிறகு தொம்மென்று இறங்கி, குலுங்கி நின்றது.

அக்கா கதவைத் திறந்து, யாரையும் கூப்பிடாமல் தானே சறுக்கி இறங்கினாள். மாமா ஓடிவந்தார்.

"ஒண்ணும் ஆவல. வா, ஏறு."

"நீ செத்துப்போன அந்தக் கொழந்தைய மனசுல வெச்சிக்கினே ஓட்டிக்கினு கீற" என்றாள் அக்கா. "இது வேற கொழந்தைய்யா. மழைக்கு முன்னாடியே ஆஸ்பத்திரிகிட்ட ஒரு வூடு பாரு. நான் போய் இருந்துக்கறேன்."

மாமா லாரிகள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, குழந்தைக்கு ஒரு பயமும் இல்லை என்றார்கள்.

பிளாக்குகளை அந்த வாரமே கழற்றிவிட்டார். அக்கா ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், எம்.கே.பி. நகரில் ஒரு மாடி வீட்டுக்குப் போனாள். அங்கிருந்து ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெண் குழந்தை பெற்றாள். இப்போது திருவொற்றியூர் வீட்டில் அது தவழ்கிறது. ஆனாலும் வானம் கறுத்தால் மாமா வேலைக்குப் போவதில்லை. வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அக்கா சாப்பிடக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை.