வரப்பைத் தாண்டாத ட்ரோன்

அன்று காலை உத்திரமேரூருக்குத் தெற்கே இருந்த அந்த வயலில் நான்கு பேர் இருந்தோம்: நான், என்னோடு பாலிடெக்னிக்கில் படித்த கூட்டாளி, என் அம்மா, நிலத்துக்காரர். அப்பா வரவில்லை. முதுகில் மருந்து டேங்கைச் சுமந்து அதே நிலத்தில் பல வருடம் தெளித்தவர் அவர். "நான் வந்தா நெலத்துக்காரரு பழக்கதோசத்துல என் முதுவுல டேங்க மாட்டிடுவாரு. நீ போய்ட்டு வா," என்று சிரித்துக்கொண்டே வீட்டில் இருந்துவிட்டார்.

மருந்து தெளிக்கும் ட்ரோனை நானும் கூட்டாளியும் சேர்ந்து வாங்கியிருந்தோம். அதற்கு இதுதான் முதல் வேலை. நிலத்துக்காரரின் நெல்லில் களைக்கொல்லி அடிக்க வேண்டும். வரப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய அண்ணனின் உளுந்து. அந்த மருந்து நெல்லை ஒன்றும் செய்யாது, உளுந்தைக் கருக்கிவிடும். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தையே கிடையாது.

"அந்தாண்ட ஒரு சொட்டு வுழுந்தா எங்கண்ணன் என்ன கோர்ட்டுக்கு இஸ்துடுவாம்பா. மொதல்ல பச்சத் தண்ணி அடிச்சிக் காட்டு. வரப்பு நனையலன்னா வேல உனுக்கு. நனஞ்சா மூட்ட கட்டிக்கினு கெளம்பு," என்றார்.

தனியாகப் பறக்கும் ட்ரோன் தன் இடத்தை ஒன்றிரண்டு மீட்டர் தப்பாக நினைத்துக்கொள்ளும். அதற்காகத்தான் பேஸ். வயலோரம் முக்காலியில் அசையாமல் நிற்கும் இன்னொரு ஆன்டெனா அது. அதே சாட்டிலைட்டுகளைக் கேட்டு, எவ்வளவு பிசகு என்று ட்ரோனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கணக்கு கூடிவந்தால் ரிமோட் திரையில் 'ஃபிக்ஸ்' என்று வரும்; பிசகு இரண்டு விரற்கடைக்குள் அடங்கும். கூடாதவரை 'ஃப்ளோட்'தான்.

முந்தின நாள் ஏரிக்கரையில் சோதித்தபோது உடனே ஃபிக்ஸ் வந்தது. இங்கே ஃப்ளோட்டை விட்டு நகரவே இல்லை.

பனைமரம் மறைக்கிறதோ என்று முக்காலியைத் தள்ளி வைத்தோம். கேபிளைக் கழற்றி மாட்டினோம். கூட்டாளி ராத்திரி போட்ட அப்டேட்டைத் திட்டினான். வரப்பில் குந்தியிருந்த நிலத்துக்காரர், உங்கள் மெஷின் இன்னும் தூங்கி எழுந்திருக்கவில்லையா என்று கேட்டார். அம்மாவுக்கு, கிளம்பும்போது ட்ரோனின் காலடியில் வைத்த எலுமிச்சம்பழம் சரியாக நசுங்கவில்லையோ என்று கவலை.

திரும்பத் திரும்பத் திரையைப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. ட்ரோனுக்கு நிறைய சாட்டிலைட் தெரிந்தது, பேஸுக்கு நான்கைந்துதான். அப்படியானால் ட்ரோன் மேல் குற்றமில்லை. முக்காலியை நோக்கி நடந்தேன். வெயில் பட்டு ஏதோ பளீரென்று கண்ணில் அடித்தது.

அம்மா கட்டிய ஜிகினா மாலை. லாரிக்கும் டிராக்டருக்கும் கட்டுவார்களே, அதே மாலைதான். காலையில் பூஜை போட்டபோது, ட்ரோனுக்குக் கட்டினால் இறக்கையில் சிக்கும் என்று தடுத்தேன். அதனால் ஆன்டெனாவின் தலையில் தலைப்பாகை மாதிரி நாலு சுற்று சுற்றிவிட்டாள். பார்க்க அழகாக இருந்தது, நாங்களும் அப்படியே தூக்கி வந்துவிட்டோம். அலுமினியம் பூசிய அந்தத் தாள் ஆன்டெனாவுக்கு வானத்தையே மூடியிருந்தது.

அம்மாவைக் கூப்பிட்டு மாலையைக் காட்டினேன். அதுதான் மறைக்கிறது என்று சொன்னேன்.

"அதுக்கு இன்னா, அவுத்துடு. ஆனா புது மெசின மொட்டையா மட்டும் வுடாத," என்றாள்.

அவிழ்த்த சற்று நேரத்தில் ஃபிக்ஸ் வந்தது. கூட்டாளி என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தான். ட்ரோன் தண்ணீரைத் தெளித்தபடி வரப்போரமாகவே போய்த் திரும்பியது. நிலத்துக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பு நெடுக நடந்தார், பாதத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டு. ஈரமண் ஒட்டவில்லை.

"நாளைக்கி காத்து ஏறதுக்குள்ள வந்து மருந்த அடிச்சிடு. உங்கப்பனையும் இட்டுக்கினு வா, பாக்கட்டும்," என்றார்.

மறுநாள் அப்பா வந்தார், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு. அம்மாவும் சொன்ன சொல்லை விடவில்லை. ஆன்டெனாவைத் தொடாமல் முக்காலியின் காலில் சாமந்திப் பூவைச் சுற்றினாள். புது ஆன்டெனாவே வாங்க வேண்டிவருமோ என்று பயந்திருந்த எங்களுக்கு அந்தக் கோளாறு தீர ஆன செலவு அவ்வளவுதான். இரண்டு முழம், எண்பது ரூபாய்.