‘அடித்தார்’ என்று எழுதிய மனு

ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்பில் பால் வைத்திருந்தபோது போன் வந்தது. “ஸ்டெல்லா அக்கா போயிட்டாங்க. மாடிப்படியில வழுக்கி வுழுந்துட்டாங்களாம்.” பால் பொங்கி வழிந்தது. ஸ்டெல்லா குடியிருந்தது ஓட்டு வீடு. எந்த மாடிப்படி என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

திருத்தணியில் எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வந்துபோன உங்களுக்கு, ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற அவரைத் தெரியும். கால் இடித்த நாற்காலியிடம்கூட மன்னிப்புக் கேட்பார் என்று கேலி செய்வோம். கிருத்திகைக்கு மலையேறி மயங்கி வருகிற காவடிக்காரருக்கும், ஐந்து வயதுக் குழந்தைக்கும் ‘ங்க’தான். “எறும்புக் கடிதாங்க, முடிஞ்சிடுச்சிங்க.” ஒருநாள், வெயிலில் முழுக்கை ரவிக்கை எதற்கு என்று கிண்டல் செய்தேன். கையைச் சுருட்டித் தழும்புகளைக் காட்டினார். “அவரு கோவக்காரருங்க” என்றார்.

மனுவை நான்தான் எழுதினேன். பள்ளியில் கட்டுரைக்குப் பரிசு வாங்கிய திமிர் எனக்கு உண்டு. ‘என் கணவர் என்னைக் கட்டையால் அடித்தார்’ என்று மரியாதை கெடாமல் எழுதினேன். காவல் நிலையத்தில் எனக்கு நாற்காலி போட்டார்கள். “உக்காருங்க மேடம்.” மனு ஸ்டெல்லாவுடையது என்று தெரிந்ததும் காவலர் அவர் பக்கம் திரும்பினார்.

“நீ எங்க? காலனியா?”

“ஆங், காலனிதாங்க.”

“உங்க பக்கம் இதெல்லாம் சகஜம்தான? ‘அடித்தார்’னு எம்மா மரியாதையா எழுதிகினு வந்துகிற! நெஜமா அடிச்சவனுக்கு எவளாச்சும் மரியாதை குடுப்பாளா? வூட்டுக்குப் போ.”

பேனாவை மூடிவிட்டார். நிலம் வைத்திருக்கிற வீட்டுப் பெண் என்பதால் எனக்குக் கிடைத்த நாற்காலி அது. அதிலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வெட்கமாக இருக்கிறது.

அடுத்து ஸ்டெல்லாவின் சபை மூப்பரிடம் போனோம். காலனிப் பையன்களைப் போலீஸ் அடித்தபோது சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தவர். “நம்ம ஜனத்தையே குடிகாரக் கூட்டம்னு சொல்லிகினு கிறாங்க. நீயும் போய் அதுக்கு சாட்சி சொல்லணுமாம்மா?”

மேலதிகாரியிடம் போகலாம் என்றேன். ஸ்டெல்லா மறுத்தார். “வேணாங்க. எங்க ஆளுங்கன்னா ஒண்ணு கேக்கவே மாட்டாங்க, இல்லாட்டி உள்ள வெச்சி அடிச்சே கொன்னுடுவாங்க. ரெண்டுல எதங்க நான் கேக்கறது?” மனுவின் நகலை மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

அடக்கத்தன்று தெருமுனையில் பேனர் கட்டியிருந்தார்கள்: ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.’ உயிரோடு இருந்தவரை காவல் நிலையம் தராத மரியாதை அதில் இருந்தது. பேனர் வைத்தது கணவன். அதன் கீழே நின்று அழுதுகொண்டிருந்தான்.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்த மனுவின் நகல் மட்டும். நேற்று ‘அடித்தார்’ என்பதைக் கோடிட்டு ‘அடித்தான்’ என்று மாற்றினேன். மனுவில் திருத்தினால் பக்கத்தில் மனுதாரர் கையெழுத்துப் போட வேண்டும். போட ஸ்டெல்லா இல்லை.